பல்லும் சொல்லும் – பினாங்குப் பெரியவர்களின் வாய்நல வரலாறு



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நலக்கல்விப் பாடத்தில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். வீட்டிலுள்ள தாத்தா, பாட்டியிடம் “உங்கள் பல் எப்படி இருக்கிறது?” என்று கேட்க வேண்டும், அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி வர வேண்டும். மறுநாள் ஒரு மாணவன் எழுந்து தன் பாட்டி சொன்னதைப் படித்தான்.

“பல்லுக்கு என்னய்யா குறை? எனக்குப் பல்லு நோவே கிடையாது.”

படித்து முடித்தவன் சற்றுத் தயங்கிவிட்டு, “ஆனா டீச்சர், எங்க பாட்டிக்குப் பல்லே இல்ல!” என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாலையில் வீடு திரும்பும்போது அந்தச் சிரிப்பு என்னை உறுத்தியது. அந்தப் பாட்டி பொய் சொல்லவில்லை, அறியாமையால் சொன்னதாகவும் எனக்குத் தோன்றவில்லை. எண்பதை நெருங்கும் ஒருவர் தம் வாயைப் பற்றி ஒன்று சொல்கிறார் என்றால், அந்த விடைக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. அந்த வாழ்க்கைக்குப் பின்னால் இந்தத் தீவின் வரலாறும் இருக்கிறது. என் அப்பாயியும் ஒரு காலத்தில் இதே விடையைத்தான் சொன்னார். அந்த விடைக்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலையைப் பின்னர் சொல்கிறேன். முதலில் வரலாற்றைப் பார்ப்போம்.

பாக்குமரத் தீவு

நம் பள்ளிச் சபைகூடலில் மாநிலக் கொடியை மாணவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். அதன் நடுவே நிற்பது பாக்குமரம். ‘பூலாவ் பினாங்கு’ என்னும் மலாய்ப் பெயருக்குப் பாக்குமரத் தீவு என்பதே பொருள். 1786 ஆகஸ்டு மாதத்தில் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கைப்பற்றி ‘வேல்ஸ் இளவரசர் தீவு’ என்று புதுப்பெயர் சூட்டினார். அந்தப் பெயர் ஏடுகளோடு நின்றுவிட்டது. மக்கள் நாவில் நிலைத்தது பாக்கின் பெயர்தான். அச்சேயிலிருந்து வந்த பாக்கு இத்துறைமுகத்தின் தொடக்ககால வணிகப் பொருள்களுள் ஒன்று. சோழமண்டலக் கரையின் சூலியா வணிகர்களுக்கும் அதில் பங்கு இருந்தது.

வெற்றிலை பாக்கு நம்மவர்க்கு வெறும் தின்பண்டம் அன்று. திருமணப் பேச்சு அதில் தொடங்கும். விருந்து அதில் முடியும். தோட்டத்தில் பால்வெட்டப் போன பெண்களுக்கு அது பசியையும் களைப்பையும் மறக்கச் செய்த துணை. என் அப்பாயியின் இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப்பை இருக்கும். வெற்றிலை, பாக்கு, பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பி, ஒரு துண்டுப் புகையிலை ஆகிய அனைத்தும் அதற்குள் இருக்கும். சுண்ணாம்பு பல்லுக்கு உறுதி தரும் என்று அவர் நம்பினார். சிவந்த வாய் அவர் கண்ணுக்கு அழகு. கறை படிந்த பல் நோயின் அடையாளம் அன்று. அவருடைய தாயாருக்கும் அப்படித்தான் இருந்தது, அண்டை வீட்டாருக்கும் அப்படித்தான் இருந்தது. ஊரில் எல்லார்க்கும் உள்ள ஒன்றை எவரும் நோய் என்று நினைப்பதில்லை.

பல்லெல்லாம் விழுந்த பின்னும் அவர் வெற்றிலையை விடவில்லை. கைக்கு அடக்கமான ஒரு சிறிய உரலில் வெற்றிலையையும் பாக்கையும் இடித்து, கன்னத்தில் அடக்கிக்கொள்வார். “பல்லு இல்லாட்டி என்ன, உரல் இருக்கே!” என்பார். அந்த உரலின் ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. முதியவர்கள் தம் வாயை எப்படிக் கருதுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று இல்லாமற் போனால் அதற்கு ஒரு மாற்று வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். வழி கண்ட பிறகு, குறை என்று சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

பிடுங்குவதே மருத்துவம்

அப்பாயி 1930-களில் செபராங் பிறை வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அக்காலத்தில் பல் மருத்துவர் என்பவர் அரிதிலும் அரியவர். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்குமாகச் சேர்த்து, முறையான பல் மருத்துவக் கல்வி சிங்கப்பூர் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியில் 1929-இல்தான் தொடங்கியது. பட்டம் பெற்றோர் சிலரே. அவர்களும் பட்டணத்தில் இருந்தார்கள். பட்டணத்து மக்களுக்கே பெரும்பாலும் கிடைத்தவர்கள், கைப்பழக்கத்தால் தொழில் கற்றுக் கடை வைத்திருந்த பல் கட்டுபவர்கள். அத்தகையோரையும் பதிவேட்டில் ஒரு தனிப்பிரிவாகச் சேர்த்து முறைப்படுத்தச் சட்டம் வந்தது 1948-இல்.

தோட்டத்தில் இருந்தவரோ மருந்தகத்து டிரெசர்தான். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பவரும் அவரே, காயத்துக்குக் கட்டுப் போடுபவரும் அவரே, தாங்க முடியாத பல்வலி வந்தால் குறடெடுப்பவரும் அவரே. அப்பாயி அந்த நாற்காலியில் உட்கார்ந்த கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். வலி வந்தது, பிடுங்கினார்கள், வலி போயிற்று. அவரைப் பொறுத்தவரை அது வெற்றிக் கதை.

ஜப்பானியர் ஆட்சி நடந்த 1941 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில் மரவள்ளிக்கிழங்கே உணவாக இருந்த வீடுகளில், பற்பசையைப் பற்றி யார் நினைத்திருப்பார்கள்? அடுப்புக் கரியும் உப்பும் ஆட்காட்டி விரலுமே பல் துலக்கும் கருவிகள். போர் முடிந்தபின் பெட்டிக்கடைகளுக்குப் பல்பொடி வந்தது. தூரிகையும் பசையும் பல வீடுகளில் பிள்ளைகளின் பொருள்களாகவே இருந்தன.

இந்தத் தலைமுறையின் மனத்தில் மூன்று கருத்துகள் ஆழப் பதிந்தன. வலி இருந்தால்தான் நோய். வயதானால் பல் விழும். நரை வருவதுபோல அதுவும் இயற்கை. பல் மருத்துவர் என்றால் பல்லைப் பிடுங்குகிறவர். இம்மூன்றும் அவர்கள் பட்டறிந்த உண்மைகளே. பல் இல்லாத ஒருவர் “எனக்குப் பல்நோய் இல்லை” என்று சொல்வது இந்தக் கணக்கின்படி முற்றிலும் சரியான விடை. நோய் இருந்த பல்லெல்லாம்தான் போய்விட்டதே!

1949: பிள்ளைகளுக்கு வந்த விடியல்

வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. மலாயாவின் பல்நலத்தை மாற்றிய திருப்பம் நிகழ்ந்தது இதே பினாங்கில்தான். 1949-இல் இங்கே பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பேணுவதற்கென்றே பெண்களைப் பயிற்றுவிக்கும் முறையை 1921-இல் நியூசிலாந்து முதன்முதலில் கொண்டுவந்திருந்தது. பல் மருத்துவர் பற்றாக்குறையால் தவித்த மலாயா அதனைப் பின்பற்றியது. பிற்காலத்தில் சிங்கப்பூர், ஆங்காங் முதலிய இடங்களிலிருந்தும் மாணவியர் பினாங்குக்கு வந்து பயின்றனர்.

நம்மில் பலருக்கு வெள்ளுடைத் தாதியர் பள்ளி மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த நாள் நினைவிருக்கும். பெயரைக் கூப்பிட்டதும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அவர்கள் பிடுங்க மட்டும் வரவில்லை. சொத்தையை அடைத்தார்கள், தூரிகையைப் பிடிக்கக் கற்றுத் தந்தார்கள். பல்லைக் காப்பாற்ற முடியும் என்ற எண்ணமே பலருக்கு அந்த நாற்காலியில்தான் முதன்முதலாக வந்தது. ஜொகூரில் 1957-இல் தொடங்கிய குடிநீரில் புளூரைடு சேர்க்கும் முறை, 1972-இல் நாடு தழுவிய கொள்கையாயிற்று. பிள்ளைகளின் பற்கள் மேலும் உறுதிபெற்றன.

ஆயினும் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது அப்பாயி பிள்ளைப் பருவத்தைக் கடந்திருந்தார். திட்டம் பிள்ளைகளுக்கானது. அதுவும் எல்லாப் பள்ளிகளையும் ஒரே நாளில் எட்டிவிடவில்லை. பட்டணத்துப் பள்ளிகளுக்கு முதலிலும் தொலைதூரத் தோட்டப் பள்ளிகளுக்குப் பின்னரும் சென்றது. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை மூன்று வேறு வாய்நல வரலாறுகளோடு வாழ்கிறது என்பதை நாம் உணர வேண்டும். பாட்டிக்குக் குறடு, அம்மாவுக்குப் பள்ளித் தாதி, பிள்ளைக்குப் புளூரைடுப் பற்பசையும் ஆண்டுதோறும் சோதனையும். ஒரே கேள்வியை மூவரிடமும் கேட்டால் மூன்று விடைகள் வருவது இயல்பே.

எண்ணிக்கையும் வாழ்க்கையும்

மருத்துவ உலகமும் இந்த வேறுபாட்டை உணர நெடுங்காலம் ஆயிற்று. 1938-இல் அமெரிக்க ஆய்வாளர்களான கிளைன், பால்மர், நட்சன் ஆகியோர் சொத்தையான பல், இழந்த பல், அடைத்த பல் ஆகிய மூன்றையும் கூட்டி ஓர் எண்ணாகச் சொல்லும் முறையை வகுத்தனர். உலகம் முழுவதும் அதுவே அளவுகோலாயிற்று. அந்த எண் வாயின் நிலையைச் சொல்லும். அந்த வாயோடு வாழ்பவரின் நிலையைச் சொல்லாது. 1976-இல் கோகன், சேகோ என்னும் இருவர், பல்நோய் மனிதரின் அன்றாட வாழ்க்கையை எவ்வாறு பாதிக்கிறது என்பதையும் அளக்க வேண்டும் என்று வலியுறுத்தினர்.

அதன் பயனாக 1990-இல் ஆட்சிசன், டோலன் ஆகிய இருவரும் முதியோருக்கென்றே பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை உருவாக்கினர். கடந்த மூன்று மாதங்களில் கடித்து மெல்ல முடிந்ததா, விழுங்க முடிந்ததா, விரும்பியபடி பேச முடிந்ததா, பல்லை நினைத்துப் பிறர் முன் உண்ணக் கூச்சம் இருந்ததா, வலிக்கு மருந்து தேவைப்பட்டதா என்னும் போக்கில் அக்கேள்விகள் அமைந்தன. நம் நாட்டில் அதன் மலாய் வடிவம் சோதிக்கப்பெற்று 2006-இல் வெளியாயிற்று.

இத்தகைய ஆய்வுகள் பல நாடுகளில் நடந்துள்ளன. அவற்றில் மீண்டும் மீண்டும் தென்படும் ஒன்று உண்டு. மருத்துவர் கண்ணுக்கு மோசமாகத் தெரியும் வாயை, அதற்குரிய முதியவர் “நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொல்வார். மருத்துவர் பல்லை எண்ணுகிறார். முதியவர் தம் நாளை எண்ணிப் பார்க்கிறார். சோறு குழைந்திருந்தது, குழம்பு சுவைத்தது, பேரன் வந்து பேசினான். அவர் கணக்கில் அந்த நாள் நல்ல நாள். ஒத்த வயதினரோடு ஒப்பிட்டுப் பார்த்து, “அவளைவிட எனக்குப் பரவாயில்லை” என்று மனநிறைவு கொள்வதும் உண்டு.

இந்த மனநிறைவை நான் குறைத்துப் பேச மாட்டேன். முதுமையைத் தாங்கும் வலிமையே அதுதான். ஆனால் அந்த நிறைவுக்குள் இழப்புகள் மறைந்துகொள்கின்றன. முறுக்கு வேண்டாம் என்பார். பிடிக்கவில்லை என்று நாம் நினைப்போம். கீரையும் பழமும் குறைந்து, கஞ்சியும் தேத்தண்ணியில் நனைத்த ரொட்டியும் கூடும். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடுவார். நாணம் என்று நினைப்போம்.

வலி இல்லாத நோய்

முதியவர் தம் வாயைப் பற்றிக் கூறுவதை மதிக்க வேண்டும். அதை மட்டுமே நம்பியிருக்கவும் கூடாது. இதைத்தான் எங்கள் குடும்பம் தாமதமாகக் கற்றுக்கொண்டது.

1952-இல் சுவார்ட்சு என்பவர் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் ஒரு புதுமையான வாய்நோயைக் கண்டு எழுதினார். வாயின் உட்புறத் தசை இறுகி, வாய் சிறிது சிறிதாகத் திறக்க முடியாமற் போகும் நோய் அது. மறு ஆண்டு இந்தியாவில் சோசி என்னும் மருத்துவரும் அதை விளக்கி எழுதினார். பாக்கே அதற்கு முதன்மைக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. காரம் பட்டால் வாய் எரிவது அதன் தொடக்க அறிகுறி. அந்நோய் சிலருக்குப் புற்றாகவும் மாறும்.

அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகாமை 1985-இல், புகையிலை சேர்த்த வெற்றிலைத் தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்று அறிவித்தது. அப்போது புகையிலை சேராத தாம்பூலத்தைப் பற்றி முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை. 2003-இல் மீண்டும் ஆராய்ந்தபோது, புகையிலை இல்லாவிட்டாலும் தாம்பூலம் புற்றை உண்டாக்கும், பாக்கு தனியாகவே புற்றை உண்டாக்கும் என்ற முடிவுக்கு வந்தது. “நான் பொகையில போடறதில்ல, வெறும் பாக்குதான்” என்று ஆறுதல் கொள்வோர் இன்றும் பலர். அந்த ஆறுதலுக்கு இடமில்லை.

மலேசியாவில் 1993, 1994-ஆம் ஆண்டுகளில் நாடு தழுவிய நிலையில் பெரியவர்களின் வாய் உட்புறத்தை ஆராய்ந்தபோது, புற்றுக்கு முந்திய மாற்றங்கள் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடமே மிகுந்து காணப்பட்டன. வாய்ப்புற்றும் நம் சமூகத்தில், சிறப்பாக நம் பெண்களிடம், மிகுதி. 1997 முதல் சுகாதார அமைச்சு இத்தகைய சமூகங்களைத் தேடிச் சென்று வாய்ச் சோதனை செய்யும் திட்டத்தை நடத்தத் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

அப்பாயி தம் கடைசி ஆண்டுகளில் காரத்தை விட்டார். மிளகாய் போடாமல் தனியாகக் குழம்பு வைக்கச் சொன்னார். “வயசாச்சு, வயிறு தாங்கல” என்றார், நாங்கள் நம்பினோம். சோற்று உருண்டையைச் சிறிதாக்கினார். கொட்டாவி விடும்போது வாய் முழுதாகத் திறக்கவில்லை என்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை. பல் எப்படியிருக்கிறது என்று கேட்டபோதெல்லாம், “பல்லே இல்ல, என்ன நோவு வரப்போவுது?” என்று சிரித்தார். கன்னத்தின் உட்புறத்தில் வழக்கமாகத் தாம்பூலத்தை அடக்கும் அதே இடத்தில் புண் வந்து, அது ஆறாமல் வலிக்கத் தொடங்கிய பிறகே மருத்துவமனைக்குச் சென்றோம். புற்று முற்றியிருந்தது. ஓராண்டுக்குள் அவர் இறந்துவிட்டார்.

அவரை நான் குறைசொல்லவில்லை. வலி வந்தால் போ என்றுதான் அவருக்கு வாழ்க்கை கற்றுத் தந்திருந்தது. அவர் அதன்படியே நடந்தார். கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்க வேண்டியவர்கள், படித்த நாங்கள்.

சொல் போகாமல் இருக்க

பெற்றோர்களே, “பல் எப்படி இருக்கிறது?” என்று கேட்காதீர்கள், “நன்றாக இருக்கிறது” என்றுதான் விடை வரும். சாப்பிடுவதைப் பற்றிக் கேளுங்கள். முன்பு விரும்பி உண்ட எதை இப்போது ஒதுக்குகிறார்கள்? காரம் எரிகிறதா? வாயை அகலத் திறந்து தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க முடிகிறதா? வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு உண்டா? இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் உண்டா? இவற்றில் ஒன்று இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், அரசாங்கப் பல் மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பல்லே இல்லாதவருக்கும் வாய்ச் சோதனை தேவை. பொய்ப்பல் வைத்திருப்பவர் இரவில் அதைக் கழற்றித் துலக்கி, நீரில் இட்டு வைக்கவேண்டும்.

வயதானால் பல் விழும் என்பதும் விதி அன்று. ஜப்பான் 1989-இல் ‘எண்பது வயதில் இருபது பல்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது, அந்த வயதினரில் பத்தில் ஒருவருக்குக்கூட இருபது பல் இல்லை. 2016-ஆம் ஆண்டு ஆய்வில் அது பாதிக்கு மேலாக உயர்ந்திருந்தது. சிறுவயதிலிருந்தே பேணினால் பல் முதுமைவரை உடன்வரும்.

மறுவாரம் அதே மாணவர்களிடம் கேள்வியை மாற்றிக் கொடுத்தேன். “பல் இருந்த காலத்தில் செய்து, இப்போது செய்யாமல் விட்டது எது?” என்பது புதிய கேள்வி. அந்த மாணவனின் பாட்டி இம்முறை நோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “முன்னெல்லாம் ஒனக்குக் கதை சொல்லுவேன்ல. இப்ப நான் பேசறது ஒனக்குப் புரியமாட்டேங்குது, அதான் விட்டுட்டேன்” என்றாராம். இம்முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

தொல்காப்பியர் பிறப்பியலில், எழுத்துகள் பிறப்பதற்குரிய எட்டு உறுப்புகளுள் பல்லையும் ஒன்றாக வைத்தார். தகரமும் நகரமும் நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடப் பிறப்பவை. வகரம் பல்லும் இதழும் கூடப் பிறப்பது. ‘பல் போனால் சொல் போச்சு’ என்னும் பழமொழியை இலக்கணத்தோடு சேர்த்து எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். ஒரு வீட்டில் கதை நின்றுபோனதற்கு அதுவே காரணமாக இருக்கும் என்று நான் எண்ணியதில்லை.

அந்தப் பாட்டியை அவர் மகள் பல் மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். வாயில் வேறு குறை ஒன்றும் இல்லையாம். பொய்ப்பல்லுக்கு அளவு எடுத்திருக்கிறார்கள். கதை எப்போது தொடங்கும் என்று அந்த மாணவன் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இன்றே கேளுங்கள்.